கோணக்கொம்பி

என் அண்ணி, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்: "என் தம்பி பொண்டாட்டி வரி ஆபீஸ்ல இருக்கா." அவள் சொல்வது பொய்யில்லை. நான் பார்ப்பது வரிதான். ஆனால் அது புலியின் மேல் இருக்கிற வரி. இந்த ஒரு வார்த்தையால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தெருவில் கடை வைத்திருப்பவர்கள் இப்போதும் என்னைக் கண்டால் சிரித்துக்கொண்டே கல்லாப்பெட்டியை மூடுகிறார்கள். முனையில் இருக்கும் ஜவுளிக்கடைக்காரர் ஒருமுறை என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஏதாவது குறைச்சுப் போட முடியுமா பாருங்கம்மா" என்று கேட்டார். "முடியாதுங்க, பிறக்கும்போதே போட்டு அனுப்பிடுறாங்க" என்றேன். அவர் அதையும் நம்பிப் பெருமூச்சு விட்டார்.

வன அலுவலகத்தின் பின்கட்டில் ஓர் அறை. ஒரு ஜன்னல், இரண்டு கணினி, எப்போதும் கிறீச்சிடும் ஒரு மின்விசிறி. காட்டுக்குள் மரங்களில் கட்டியிருக்கும் கேமராக்கள் எதிரே எது போனாலும் படம் எடுத்துவிடும். அந்தப் படங்கள் என்னிடம் வரும். எந்தப் புலி எது என்று சொல்வது என் வேலை. நமக்குக் கைரேகை மாதிரி அதற்கு வரி. ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. ஒரே புலிக்குக்கூட இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் வேறு மாதிரி. அதனால் ஒவ்வொரு புலிக்கும் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகச் சேர்த்து வைத்திருக்கிறோம். படம் வந்ததும் முதல் வேலையாக மரம், புல், பாறை எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிட்டு உடம்பை மட்டும் வைத்துக்கொள்வோம். மற்றதெல்லாம் கண்ணைக் குழப்பும். இந்த வேலையில் நான் கெட்டிக்காரி. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். கணினி முழித்துக்கொண்டு நிற்கிற இடத்தில் நான் போகிற போக்கில் பெயர் சொல்வேன்.

எங்கள் காட்டில் ஒரு காலத்தில் புலியே இல்லாமல் போயிருந்தது. வேட்டை பாதியைத் தின்றது, விஷம் மீதியைத் தின்றது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் படத்தில் வந்ததெல்லாம் பன்றியும் மானும்தான். அப்புறம் எங்கிருந்தோ ஒருத்தி ஆற்றைத் தாண்டி வந்தாள். இடது தோளில் வில்லை வளைத்து வைத்த மாதிரி ஒரு வரி. அதனால் அவளுக்கு வில்லி என்று பேர் வைத்தேன். வில் வைத்திருப்பவள் என்று நான் நினைத்தேன். கேட்டவர்கள் எல்லாரும் கதையில் வருகிற கெட்டவள் என்று நினைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு இந்தக் காட்டில் இருக்கும் புலிகளில் முக்கால்வாசி அவள் வயிற்றில் பிறந்தவை. இப்போதும் மூன்று குட்டிகள், இன்னும் தாய் கொண்டுவந்து போடும் இரைக்குக் காத்திருக்கும் வயது. அவள் இல்லையென்றால் அவை மூன்றும் இல்லை. அவ்வளவு ஏன், இந்தக் காடு மறுபடியும் பன்றிக்காடு ஆகிவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் அண்ணியின் மாட்டைப் புலி அடித்தது.

அண்ணியின் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வீடு வீடாகப் பால் சேகரித்து வேனில் கொண்டுபோய் விற்பவர். நல்ல மனுஷர், ஆனால் கதை சொல்ல ஆரம்பித்தால் கயிறு திரித்துவிடுவார். அன்று விடிகிற நேரம், அவிழ்த்துக்கொண்டு போன மாட்டைத் தேடி வேனில் போயிருக்கிறார். காட்டோரச் சாலை வளைவில் மாடு செத்துக் கிடக்க, புதருக்குப் பின்னால் அதன் மேல் புலி நின்றிருக்கிறது. அவர் வேனிலிருந்து குதித்து, கையைத் தட்டி, சத்தம் போட்டு, புலியைக் கண்ணோடு கண் பார்த்து, போனை நீட்டி நேருக்கு நேர் படம் எடுத்திருக்கிறார். இதெல்லாம் அவர் சொன்னது. நமக்கெல்லாம் புலி என்றதும் வயிற்றில் புளியைக் கரைக்கும். இவருக்குக் கை நடுங்கவில்லையாம்.

படம் ஊரெல்லாம் சுற்றியது. அவர் வீட்டை ஒட்டியிருக்கும் அவருடைய பால் கடை வாசலில் அதைப் பெரிதாக்கி ஒரு பேனர் கட்டிவிட்டார்கள். அவருக்குப் 'புலியண்ணன்' என்று பேரே வந்துவிட்டது. நடக்கும்போதே தோள் கொஞ்சம் அகலமாகிவிட்டது. இதில் எனக்கு ஆச்சரியம் அண்ணிதான். கல்யாணமான நாளிலிருந்து அவரை ஒரு வேலைக்கும் உருப்படாதவர் என்று திட்டியே பழகியவள். இப்போது அவர் வந்தால் எழுந்து நாற்காலி நகர்த்திப் போட்டாள். "என் மாட்டுக்காக உசுரையே குடுக்கப் போனாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

ஊர் திரண்டு வந்து அந்தப் புலியைப் பிடித்தே ஆகவேண்டும் என்றது. ரேஞ்சர் அந்தப் படத்தை என்னிடம் அனுப்பினார். எங்கள் சட்டம் இதில் தெளிவானது. குட்டி வைத்திருக்கும் தாயைப் பிடிக்கக் கூடாது. வெளியிலிருந்து வந்து திரிகிற புலி ஊருக்குள் வாலாட்டினால் பிடித்துக் கொண்டுபோகலாம். நான் வழக்கம்போல மாடு, புதர் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளினேன். தோள் புதரில் மறைந்திருந்தது. இடுப்பும் தொடையும் தெளிவாகத் தெரிந்தன. வலப்பக்கம். எங்களிடம் இருக்கும் எல்லா வலப்பக்கத்தோடும் வைத்துப் பார்த்தேன். கணினியும் பார்த்தது. எதனோடும் சேரவில்லை. அதோடு இடுப்பின் குறுக்கே நீளமாக ஒரு கோடு, பழைய தழும்பு மாதிரி. எங்கள் புலி எதற்கும் அப்படி ஒரு தழும்பு கிடையாது.

"புதுசு சார். வெளியூர்க்காரன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அலுவலகத்தில் அதற்குத் தழும்பன் என்று பேர்கூட வைத்துவிட்டோம். மேலிடத்திலிருந்து அனுமதி வந்தது. மாடு செத்த இடத்துக்குப் பக்கத்தில் கூண்டு வைத்தார்கள். மயக்க ஊசி போடும் டாக்டர் அன்று சாயங்காலம் வருவதாக ஏற்பாடு.

அன்று மத்தியானம்தான் நான் அண்ணியைப் பார்க்கப் போனேன். மாடு செத்து இவ்வளவு நாளாகியும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை என்று அவள் என் வீட்டுக்காரரிடம் குறைப்பட்டிருந்தாள். அண்ணி தொழுவத்தில் இருந்தாள். காலியான இடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கழுவின தரை.

"வா" என்றாள். "உன் சொந்தக்காரன் பண்ணுன வேலையைப் பாத்தியா?"

புலிகளை என் சொந்தக்காரர்கள் என்றுதான் அவள் சொல்வாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். பால் கறக்க உட்காரும் முக்காலி இன்னும் அதன் இடத்திலேயே, மாடு நின்றால் அதன் இடப்பக்கம் வருகிற மாதிரிக் கிடந்தது.

"எடுத்து வைக்க மனசு வரலை" என்றாள். "இந்தப் பக்கம்தான் உக்கார விடுவா. அந்தப் பக்கம் போனா அவ்வளவுதான். உனக்குத்தான் தெரியுமே."

எனக்குத் தெரியும். அந்த மாட்டின் இடது கொம்பு காதோரம் கீழே மடங்கி இருக்கும். அதனால்தான் கோணக்கொம்பி என்று பேர். அந்தக் கொம்பால் முட்ட முடியாது. வலது கொம்பு ஈட்டி. கல்யாணமான புதிதில் நல்ல பேர் வாங்கலாம் என்று வலப்பக்கமாகப் போய்ப் பால் கறக்க உட்கார்ந்தேன். இடுப்பில் ஒரு இடி இடித்தாள் பாருங்கள், மழைக்காலத்தில் இன்றைக்கும் வலிக்கிறது. அண்ணி அன்று சிரித்த சிரிப்பும் மறக்கவில்லை.

அண்ணி அழுதாள். நானும் அழுதேன். என்னை முட்டியவள்தான், ஆனாலும் அந்தத் தொழுவத்தில் அவள் இல்லாததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

திரும்பும்போது பால் கடை வாசலில் அந்தப் பேனர் காற்றில் உப்பிக்கொண்டிருந்தது. முழுப் படம். அலுவலகத்தில் நான் வெட்டித் தள்ளிய மாடு அதில் முழுசாக இருந்தது. முகம் சாலையைப் பார்த்துக் கிடந்தது. மடங்கிய கொம்பைப் பார்த்ததும் என் கை தானாக இடுப்புக்குப் போனது. அப்புறம்தான் உறைத்தது. மடங்கிய கொம்பு வலப்பக்கம் இருந்தது.

இரண்டு தரம் பார்த்தேன். மாடு மாதிரி நானே திரும்பி நின்று, என் தலையில் கைவைத்துப் பார்த்தேன். எதிர்க்கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். செத்த மாட்டுக்குக் கொம்பு இடம் மாறாது. இடம் மாறியது படம்தான். புலிகளின் வரியை இத்தனை காலம் பார்த்த நான், அதன் காலடியில் கிடந்த மாட்டைப் பார்க்கவில்லை.

போனில் இருந்த படத்தை இடம் வலம் மாற்றினேன். அதற்குக் கணினி தேவைப்படவில்லை. இடது இடுப்பில் பிரிந்து சேரும் இரட்டை வரி, தொடையில் மூன்று சின்னக் கோடு. வில்லி. என் கையெழுத்தை நம்பி ரேஞ்சர் கூண்டு வைத்திருப்பது வில்லிக்கு. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும்.

அப்படியானால் அந்தத் தழும்பு? வில்லிக்குத் தழும்பு கிடையாது. கடையின் பக்கத்தில் அண்ணனின் வேன் நின்றது. ஓட்டுநர் பக்கத்தில், பின்னால் வருவதைப் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடியின் குறுக்கே நீளமாக ஒரு விரிசல் ஓடியது.

அண்ணன் உள்ளே பால் கேன்களை எண்ணிக்கொண்டிருந்தார். நான் ரேஞ்சருக்குப் போன் போட்டேன். "சார், கூண்டுக் கதவை உடனே இறக்கிப் பூட்டுங்க. நான் தப்பு பண்ணிட்டேன். அது வில்லி. வந்து சொல்றேன்." அவர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் "சரி" என்றார். அதற்கப்புறம் அண்ணனை வேன் பக்கம் கூப்பிட்டேன்.

"அண்ணா, இந்தக் கண்ணாடி எப்ப விரிஞ்சது?"

"அது போன வருஷமே. எதுக்கு?"

"புலியை இதுலதானே பாத்தீங்க?"

அவர் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி பாவனை செய்தார். விரிசல் துடைத்தால் போகிற சமாசாரமா?

"வளைவுல தாண்டிப் போயிட்டேம்மா" என்றார் கடைசியில். "பிரேக் போட்டுக் கண்ணாடியில பாத்தா, பின்னால நிக்குது. திரும்பிப் பாக்கக் கழுத்து வரலை. போனைக் கண்ணாடிக்கு நேராப் புடிச்சேன். எடுத்தது தெரியும், வீட்டுக்கு எப்படி வந்தேன்னு தெரியாது. படத்துல கண்ணாடி ஓரம் தெரிஞ்சதை அப்புறம் வெட்டிட்டேன்."

"அண்ணா, அந்தப் படத்தால ஒரு தாயைப் பிடிக்கப் போறாங்க. மூணு குட்டி இருக்கு. வந்து சொல்லுங்க."

"நீயே சொல்லும்மா. ரேஞ்சர் உன் பேச்சைக் கேப்பாரு."

"அவருக்கு என் பேச்சு போதும். கதவைப் பூட்டிட்டாங்க. ஆனா கூண்டைச் சுத்தி ஊரே நிக்குது. நான் சொன்னா, புலிக்காகப் பொய் சொல்றாங்கன்னுதான் சொல்வாங்க. நாளைக்கே எவனாவது செத்த மாட்டுல விஷத்தைத் தடவி வைப்பான். அவங்க நம்புறது உங்களைத்தான்."

அவர் தொழுவத்தின் பக்கம் பார்த்தார். அவர் பயந்தது ஊருக்கு அல்ல என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "அவ இப்பதாம்மா எனக்கு நாற்காலி போடுறா" என்றார் மெதுவாக. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் நான் விடவில்லை. நாற்காலியையும் காட்டையும் தராசில் வைத்தால் எது இறங்கும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்குள் அண்ணி முந்தானையில் கை துடைத்தபடி வந்துவிட்டாள். கூண்டுப் பக்கம் போகிறோம் என்றதும், "நானும் வர்றேன். என் மாட்டைத் தின்னதை நான் பாக்கணும்" என்று ஏறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் அண்ணி, புலி வந்தால் என்னென்ன கேட்கப்போகிறாள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

வெயில் இறங்கியிருந்தது. கூண்டைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நல்ல கூட்டம். டாக்டர் தன் பெட்டியோடு ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். கூண்டு பூட்டியிருந்ததால் கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தது. நான் ரேஞ்சரிடம் இரண்டு படத்தையும் காட்டினேன். தப்பு என்னுடையது, பூசி மெழுக ஒன்றுமில்லை என்றேன். அவர் படத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "இவங்களுக்கு யார் சொல்றது?" என்றார்.

"நான் சொல்றேங்க" என்றார் அண்ணன்.

கூட்டம் அவருக்கு வழி விட்டது. யாரோ "புலியண்ணே" என்று குரல் கொடுத்தார்கள். அவர் ஜீப் பக்கம் போய் நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நான் இறங்கலை" என்றார். "வேனுக்குள்ளதான் இருந்தேன். புலியை நேர்ல பாக்கலை, கண்ணாடியில பாத்தேன். படத்தையும் அதுலதான் எடுத்தேன். அதனால இடம் வலமாயிடுச்சு. அது வெளியூர்ப் புலி இல்லை. நம்ம காட்டுக்காரி. குட்டி வச்சிருக்கா. என் பொய்யால அவளைப் புடிக்க வேண்டாம். மாடு போனது எனக்கு, எனக்கே சம்மதம்னா உங்களுக்கு என்ன?"

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். அது பரவியது. "கண்ணாடியண்ணன்" என்றான் இன்னொருவன். அவர் தலை குனியாமல் அப்படியே நின்றார். நான் அன்று அவர் மேல் வைத்த மரியாதை அந்தப் பேனரைவிடப் பெரிது.

அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அப்ப வண்டியை விட்டு இறங்கவே இல்லையா?"

"இல்லை."

"கதவு?"

"பூட்டியிருந்தேன்."

"ஜன்னல்?"

"அதையும் ஏத்தி விட்டுட்டேன். மூடின ஜன்னல் வழியாத்தான் அந்தக் கண்ணாடியைப் படம் எடுத்தேன்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இந்த மட்டும் புத்தி இருந்துச்சே. மாடு போனதே போதும்" என்றாள். பிறகு ரேஞ்சரிடம் திரும்பினாள். "ஏன் சார், புலிக்குச் சட்டம் வச்சிருக்கீங்க சரி. என் தொழுவத்துக்கு என்ன வச்சிருக்கீங்க? மிச்சம் நாலு மாடு இருக்கு. கம்பிவலை எப்ப வரும்?"

"நாளைக்கே" என்றார் ரேஞ்சர்.

"காட்டோர வீடு எல்லாத்துக்கும்" என்றாள் அண்ணி. கூட்டத்தில் சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தி, ஆமாம் ஆமாம் என்றார்கள். ரேஞ்சருக்கு வேறு வழியில்லை, ஒத்துக்கொண்டார். டாக்டர் பெட்டியை மூடினார். கூண்டு லாரியில் ஏறியது. திரும்பி வரும் வழி முழுக்க அண்ணி அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள், பழையபடி, மூச்சு விடாமல். அண்ணன் நிம்மதியாக வண்டி ஓட்டினார்.

கம்பிவலை மறுநாளே வரவில்லை. அண்ணி அலுவலகத்துக்கே வந்து உட்கார்ந்த பிறகு வந்தது. வலை போட்ட பிறகு ஒரு மாடும் போகவில்லை. மழை முடிந்து குட்டிகள் தாயோடு நடக்க ஆரம்பித்தன. ஆற்றங்கரைக் கேமராவில் முதல் தடவையாக நால்வரும் வரிசையாக விழுந்தார்கள். இப்போதெல்லாம் நான் எதையும் வெட்டுவதற்கு முன்னால் முழுப் படத்தையும் ஒரு தரம் பார்க்கிறேன். முன்னால் வில்லி, தோளில் வில், அது இருக்க வேண்டிய பக்கத்தில். பின்னால் மூன்று குட்டிகள், நன்றாகத் தின்று கொழுத்திருந்தன.

அன்று கம்பிவலைக்குப் பூட்டு கேட்க வந்திருந்த அண்ணி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். என் அறைக்குள் அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

"இதுதான் உன் வரி ஆபீஸா?" என்றாள். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இதுங்களுக்குப் பேர் வச்சாச்சா?"

"இன்னும் இல்லை அண்ணி."

கடைசியாக வந்த குட்டியின் மேல் விரலை வைத்தாள். மற்ற இரண்டும் நேராக நடக்க, அது மட்டும் கேமராவைப் பார்த்து முறைத்துக்கொண்டு நின்றது.

"இதுக்குக் கோணக்கொம்பின்னு வை" என்றாள். "அவளைத் தின்னு வளந்ததுதானே. அவ பேரு அதுக்குள்ளயே இருக்கட்டும்."

நான் அப்படியே பதிந்தேன்.